மரமும் உளியும் – 11: மெலிந்த கோல்

கட்டிற்காலும் தொட்டிற்குமிழும் கடைந்து கை பழகியவன், அதே எந்திரத்தில் அதே உளியைக் கொண்டு, இரண்டடி நீளமும் சுண்டுவிரல் கனமும் உள்ள ஒரு கோலையும் கடைந்துவிடலாம் என்று எண்ணித் தொடங்குவானாயின், சிறிது நேரத்துக்குள்ளாகவே தான் கற்ற வித்தை அத்தனையும் தன்னைக் கைவிட்டதாக உணர்வான். உளி தொட்ட இடத்தில் மரம் விலகி ஓடும். விலகிய மரம் மீண்டு வந்து உளியை மோதும். மோதலில் ஒரு கிறீச்சொலி எழும். வழவழப்பாக வர வேண்டிய மேனியில் சாய்வான வரிகள் விழும். அவ்வரிகளை அழித்துவிடலாமென்று உளியை இன்னும் சற்று அழுத்தினாலோ, கோல் நடுவில் முறிந்து இரண்டாகப் பறக்கும். கடைசல் தொழிலில் இதைக் காட்டிலும் பொறுமையைச் சோதிக்கும் அப்பியாசம் வேறில்லை என்பதே என் அபிப்பிராயம். ஆதலால் இந்த வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

இதன் காரணத்தைப் பௌதிக சாஸ்திரம் தெளிவாகவே சொல்கிறது. இரு முனைகளிலும் தாங்கிய ஒரு கோலின் நடுவில் ஒரே அளவான அழுத்தத்தைக் கொடுத்துப் பார்த்தால், நீளம் இரட்டிக்கும்போது வளைவு 8 மடங்காகிறது. விட்டம் பாதியாகும்போது 16 மடங்காகிறது. எனவே 1 அடி நீளமும் 1 அங்குல விட்டமும் உள்ள துண்டு எவ்வளவு வளையுமோ, அதைப் போல் 128 மடங்கு வளையும், 2 அடி நீளமும் அரை அங்குல விட்டமும் உள்ள கோல். சுழலும் கோல் தானாகவே துள்ளத் தொடங்குகிற வேகமும் இவ்வாறே சரிந்து, முன்னதற்கு உள்ளதில் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. சிறிய விட்டத்துக்கு அதிக வேகம் என்று நாம் முன்பு பார்த்த விதி, ஆகையால், நீண்ட கோலுக்கு அப்படியே பொருந்துவதில்லை. துள்ளல் தோன்றினால் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதே முதல் வைத்தியம்.

இரண்டாவது வைத்தியம் மோட்டாருக்கு எதிர்முனையில், மரத்தைத் தாங்கி நிற்கும் கூர்முனையில் இருக்கிறது. மரம் நழுவிவிடுமோ என்ற அச்சத்தினால் அதை இறுக முடுக்கி வைப்பது புதியவர்களின் வழக்கம். கனத்த மரம் அதைப் பொறுத்துக்கொள்ளும். மெலிந்த கோலோ, நீளவாக்கில் நெருக்கப்படும்போது உளி படுவதற்கு முன்னமே வில்லாக வளைந்து நிற்கும். மரம் மெலிய மெலிய அந்த முடுக்கையும் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும்.

இவ்விரண்டும் செய்த பின்னும் எஞ்சி நிற்கும் வளைவைத் தாங்க வேண்டியது இடக்கை. வலக்கை உளியைப் பிடித்திருக்க, இடக்கையின் கட்டைவிரல் உளியின் மேல் படிந்திருக்க, மற்ற விரல்கள் சுழலும் மரத்தின் பின்புறமாகச் சென்று, உளி எந்த இடத்தில் முன்னிருந்து தள்ளுகிறதோ அதே இடத்தைப் பின்னிருந்து ஏந்திக்கொள்ள வேண்டும். உளி நகர நகர விரலும் உடன் நகர வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்று கேட்டால், நாடி பார்க்கும் வைத்தியர் மணிக்கட்டில் விரல் வைக்கும் அளவு என்பேன். அதற்கு மேல் போனால் உராய்வினால் மரம் சூடேறி விரலைச் சுடும். அந்தச் சூடு நமக்கு ஒரு நல்ல ஆசான்; விரல் சுடுகிறதென்றால் உளி மரத்தை அளவுக்கு மிஞ்சித் தள்ளுகிறது, அல்லது உளியின் வாய் மழுங்கிவிட்டது என்று பொருள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு இந்த உபாத்தியாயரை ஏமாற்ற முயலும் பேதைமை, சுழலும் மரம் துணியைப் பற்றி இழுத்துக் கையையும் கொண்டுபோய்விடும் பேராபத்தாக முடியும். உளி தாங்கும் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விரல் நுழையவே கூடாது. நீளம் விட்டத்தைப் போல் 15 அல்லது 20 மடங்கைத் தாண்டிவிட்டால் கை மட்டும் போதாது. நடுவில் ஒரு கவட்டைக் கட்டையை நிறுத்தி, அதன் வாயில் மெழுகு பூசி, மரத்தை அதில் சாய்த்துக்கொள்வது உத்தமம்.

அடுத்தது கிரமம். கோல் முழுவதையும் ஒரே சீராக மெலியச் செய்துகொண்டு வருவது, பார்வைக்கு ஒழுங்கான முறைபோல் தோன்றினாலும், காரியத்தைக் கெடுத்துவிடும். முதலில் முழுநீளத்தையும் வேண்டிய கனத்தை விடச் சற்றுப் பருமனாக உருட்டிக்கொண்டு, பின்பு எதிர்முனைப் பக்கம் நாலு விரற்கடை நீளத்தை மாத்திரம் இறுதிக் கனத்துக்குக் கொண்டுவந்து, உப்புத்தாளும் அங்கேயே போட்டு முடித்துவிட்டு, அடுத்த நாலு விரற்கடைக்கு நகர வேண்டும். முடித்த இடத்துக்கு மீண்டும் உளியோடு திரும்பலாகாது. இதிலுள்ள சூட்சுமம் யாதெனில், மரத்தைச் சுழற்றும் விசை மோட்டார்ப் பக்கமிருந்து உளி படும் இடம் வரையில்தான் வேலை செய்கிறது. அவ்வளவு தூரமும் மரம் பருமனாகவே இருப்பதால் முறுக்கைத் தாங்கிக்கொள்கிறது. மெலிந்த பகுதியோ எதிர்ப்புறத்தில், ஏறக்குறைய யாதொரு பாரமுமின்றி, வெறுமனே உடன் சுழன்றுகொண்டிருக்கிறது.

மரத்தின் லட்சணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் சில்ட்டர்ன் குன்றுகளின் பீச் வனங்களில் குடிசை போட்டுக்கொண்டு, ஹைவிக்கம் நகரத்து நாற்காலித் தொழிற்சாலைகளுக்குக் கால்களும் குறுக்குக் கம்பிகளும் கடைந்து அனுப்பி வந்த தொழிலாளர்கள், வளையும் கழியொன்றைக் கயிற்றால் மிதிகட்டையோடு இணைத்துக் காலால் ஓட்டிய கடைசலில் வேலை செய்தார்கள். அவர்கள் மரத்தை அறுப்பதில்லை, பிளப்பார்கள். பிளந்த துண்டில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடுகிறது. அறுத்த துண்டிலோ நார் பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறது. கோல் முறிவது பெரும்பாலும் அவ்வாறு வெளியேறிய இடத்திலேதான்.

நம் நாட்டில் இந்த விசாரத்தின் சிகரத்தைக் காண விரும்புகிறவர்கள், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில் ஆடுதுறைக்கு அருகேயுள்ள நரசிங்கம்பேட்டைக்குத்தான் போக வேண்டும். நாகசுரத்தின் உலவு என்னும் நீண்ட குழல் அங்கே ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. அதற்குப் புதுமரம் ஆகாது. பழைய வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் பல்லாண்டுகள் நின்று, உள்ளிருந்த ஈரமும் இறுக்கமும் தீர்ந்த மரமே வேண்டும். புதுமரத்தின் மேனியைச் சீவச் சீவ உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டுக் கோணிவிடும். வெளியே கோணினால் அழகு மாத்திரமே கெடும், உள்ளே கூம்பாக விரிந்து செல்லும் துளை கோணினாலோ சுருதியே கெட்டுவிடும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பிரபலப்படுத்திய பாரி நாயனம், பழைய திமிரியை விட நீளமானது. நீளம் கூடியதனால் ஸ்ருதி இறங்கிக் கம்பீரம் ஏறிற்று என்று சங்கீத ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். அந்தக் கூடுதல் நீளத்தைக் கோணலின்றிக் கடைந்து, சுத்த மத்தியமம் சரியாகப் பேசும்படி வாத்தியத்தைத் திருத்திக் கொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கையையும் அதே மூச்சில் கொண்டாடுவதுதான் நியாயம். 2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் குறியீடு பெயரைக் காக்குமேயன்றிக் கையைக் காக்காது. இளைஞர் சிலர் அந்தப் பட்டறைகளில் போய் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் அப்பியாசம் செய்ய முன்வர வேண்டும். அவர்கள் அப்பியாச காலத்தில் பட்டினி கிடவாதிருக்கச் சமூகம் வழி செய்ய வேண்டும். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

ஆச்சா மரமும் அந்த ஆசாரிகளும் எட்டாத தொலைவில், கூடுவாஞ்சேரி போன்ற ஊரில் இருக்கும் நம் போன்றவர்கள் எதைக் கொண்டு பழகுவது? பெருநெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அருகருகே ஓடும் இப்பக்கத்தில் நாளுக்கு நாள் வீடுகள் எழும்பிக்கொண்டிருப்பதால், மரவாடிகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் கதவு நிலைக்கு அறுத்தது போக மிஞ்சிய தேக்குச் சட்டங்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன. கணு இல்லாததாகவும், ரேகை நேராக ஓடுவதாகவும் பார்த்துப் பொறுக்கிக்கொண்டால் அப்பியாசத்துக்கு அவையே போதும். தேக்கில் மணற்சத்து கலந்திருப்பதால் உளி விரைவில் மழுங்கும். கோலுக்குக் கோல் சாணைக்குப் போவதற்குச் சோம்பக் கூடாது.

கடைவதற்கு உகந்த பொருள் கோலாட்டக் கோல். ஒன்றரை அடி நீளத்துக்குள் அடங்குவதால் முதற்பாடத்துக்குப் பொருத்தம். அன்றியும் கோலாட்டத்துக்கு ஜோடி வேண்டும் என்பதே அதன் விசேஷம். முதற்கோலை எவ்வாறேனும் கடைந்துவிடலாம். அதற்கு இணையாக இரண்டாவதைக் கடையும்போதுதான், கனத்தைக் கண்ணால் மதிப்பிட்டோமா, காலிப்பர் வைத்து அளந்தோமா என்பது வெளிப்படுகிறது. ஒரே சட்டத்தைப் பிளந்து எடுத்த இரண்டு துண்டுகளில் ஜோடியைக் கடைந்து, ஒவ்வொன்றையும் இரு விரலால் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள்; ஒலி வேறுபட்டால், நடுவில் எந்தக் கோல் மெலிந்துவிட்டது என்பதைக் காலிப்பர் உடனே காட்டிவிடும். முடித்த கோல்களைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம், சில நாளில் வளைந்துவிடும். மேல்முனையில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த வாரம் அவற்றின் மேல் அரக்கு ஏற்றும் விதத்தைப் பார்ப்போம்.