கால் வலிக்கு ஊசியும் சிறு அறுவையும்

விடியற்காலையில் எழுந்து, பாயிலிருந்து காலைத் தரையில் ஊன்றியதும் குதிகாலில் ஆணி அடித்தாற்போல் சுரீர் என்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தால் சற்றுத் தணிகிறது. பெரட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மறந்தும் போகிறது. மாலையில் மீண்டும் வருகிறது. பால்வெட்டானாலும் செம்பனைக் குலை வெட்டானாலும் நாள் முழுதும் நிற்பதும் நடப்பதும்தானே நம் பிழைப்பு? ஆகவே இந்த வலி நம் வீடுகளுக்குப் புதியதன்று.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண்போல் இழுத்துப் பிடித்திருப்பது அதுவே. ஓயாத பளுவினால், அது குதிகாலோடு ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. எக்ஸ்ரே படத்தில் அங்கே ஓர் எலும்பு முள் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

“ஒரு ஊசி போட்டால் தீர்ந்துவிடும்” என்று கேட்டு வாங்குபவர்கள் நம்மில் பலர். குதிகாலில் போடும் அந்த ஸ்டீராய்டு ஊசி வலியைத் தணிக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சுகம் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் மெத்தை போன்ற கொழுப்பு தேய்ந்துவிடலாம். நார்ப்பட்டை அறுந்துபோவதும் உண்டு. இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சில நாள்கள் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஆகவே அந்நோய் இருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எழுந்திருக்குமுன் கால் விரல்களைக் கையால் பிடித்து மேல்நோக்கி இழுத்து நீட்டுவதும், தடித்த அடியுள்ள செருப்பு அணிவதும் மெதுவாகப் பலன் தரும் வழிகள். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் வலி நீங்கிவிடுகிறது.

அடுத்தது, பெருவிரல் நகம் சதைக்குள் புதைவது. இறுக்கமான பூட்சும், நகத்தின் ஓரத்தை வளைத்து வெட்டும் பழக்கமும் இதற்குக் காரணங்கள். விரல் வீங்கிச் சீழ் வடியும். மஞ்சளைப் பற்றுப்போட்டு மாதக்கணக்கில் நொண்டுவார்களே தவிர, “கத்தி வைத்தால் காலே போய்விடும்” என்று மருத்துவமனைப் பக்கம் போக மாட்டார்கள். அங்கே நடப்பதைச் சொன்னால் அச்சம் குறையும் என்று நம்புகிறோம். விரலின் அடியில் இருபுறமும் மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். அந்த ஊசிதான் வலிக்கும், மறைக்க வேண்டியதில்லை. அதன்பின் இழுப்பது தெரியும், வலி தெரியாது. புதைந்த ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி எடுக்கிறார்கள். அந்தப் பகுதி மீண்டும் முளைக்காதிருக்க நகத்தின் வேரில் பீனால் என்னும் மருந்தைத் தடவுவதும் உண்டு. மீதி நகம் அப்படியே இருக்கும். அரைமணி நேர வேலைதான். அன்றே வீடு திரும்பலாம்.

வீட்டுக்கு வந்தபின் இருக்கும் கவனமே பெரிது. முதல் இரண்டு நாள் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். புண் ஆறச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பூட்சும் சேறும் ஆகாது. நாட்கூலி போகிறதே என்று மறுநாளே வேலைக்கு இறங்கிப் புண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கால் ஆணியைச் சவரப் பிளேடால் சீவுவதையும், உடைந்த செம்பனை முள்ளை ஊக்கால் கிளறுவதையும் நாம் அறிவோம். முள்ளின் துண்டு உள்ளே தங்கினால் வீக்கம் அடங்கி அடங்கி வரும். சிறு அறுவையில் அதை எடுத்துவிடலாம். இனிப்புநீர் உள்ளவர்களோ கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியைக்கூட ஒட்டக்கூடாது. அதிலுள்ள அமிலம் நல்ல சதையையும் அரித்துவிடும். கால் மரத்துப்போயிருந்தால் அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத புண்தான் முற்றி, விரலை, சில வேளைகளில் காலையே எடுக்கும்படி செய்துவிடுகிறது.

ஆகவே அவர்கள் இரவு படுக்குமுன் விளக்கடியில் இரு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாத பாட்டிமார் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.