அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஒரு முறைக்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ரோஷ் மருந்து நிறுவனமும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. ஆய்வுக்கான செலவில் ஒரு பகுதி அரசு மானியம். அதனால் கண்டுபிடிப்பு சட்டப்படியே தன்னுடையது என்றது ஸ்டான்ஃபோர்டு. 2011 ஜூனில் அது தோற்றது.

ஸ்டான்ஃபோர்டு நம்பியிருந்தது 1980-இல் வந்த பே-டோல் சட்டத்தை. பர்ச் பே, பாப் டோல் என்ற இரு செனட்டர்கள் கொண்டுவந்தது. அதற்கு முன் சுமார் 28,000 காப்புரிமைகள் அமெரிக்க அரசிடம் தேங்கிக் கிடந்தன. தொழில் நிறுவனங்கள் உரிமம் பெற்றவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே, மானியம் பெறும் பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் கண்டுபிடிப்பின் உரிமையைத் தாமே வைத்துக்கொள்ள அச்சட்டம் வழிவிட்டது. ஆய்வாளர் எழுத்தில் தெரிவித்த 2 மாதங்களுக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும். உரிமை தமக்கு வேண்டுமா என்பதை 2 ஆண்டுகளுக்குள் முடிவுசெய்ய வேண்டும். தவறினால் அரசு எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆய்வாளரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு உரிமை எப்படி வருகிறது? வழக்கின் முடிச்சு இங்கேதான். அந்த அளவிடும் முறையை உருவாக்கிய ஆய்வாளர்களில் ஒருவரான மார்க் ஹோலோட்னி 1988-இல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தபோது, கண்டுபிடிப்புகளை எழுதித்தர 'ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்திட்டார். பிறகு பி.சி.ஆர். நுட்பத்தைக் கற்க, அது பிறந்த இடமான சீட்டஸ் நிறுவனத்துக்குப் போனார். உள்ளே நுழைய அவர்கள் நீட்டிய தாளில், 'இதன்மூலம் எழுதித்தருகிறேன்' என்றிருந்தது. அதிலும் கையெழுத்திட்டார். வீட்டுக்கு அக்ரிமென்ட் மட்டும் போட்டவருக்கும் கிரயம் முடித்தவருக்கும் உள்ள வேறுபாடுதான் இது. சீட்டஸின் பி.சி.ஆர். சொத்துகளை 1991-இல் ரோஷ் வாங்கியது. அந்தத் தாளின் பலனும் அதனிடம் போனது.

கண்டுபிடிப்பு முதலில் கண்டுபிடித்தவருக்கே உரியது. மானியம் வாங்கியதாலேயே அது பல்கலைக்கழகத்துக்குத் தானாக மாறிவிடாது என்று 7-2 பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. அறிவை உழைத்துத் தந்தவரின் உரிமை, அவர் எழுதித்தராமல் கைமாறக் கூடாது. 2018-இல் விதிகள் திருத்தப்பட்டன: மானியம் பெறும் நிறுவனம் தன் ஆய்வாளர்களிடம் கண்டுபிடிப்பை எழுதி வாங்கியாக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில், வரி கட்டியவருக்கு என்ன? அரசு தன் தேவைக்கு ராயல்டி இல்லாமல் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம். அதைவிட வலுவான இன்னொரு பிடியும் சட்டத்தில் உண்டு. உரிமையாளர் கண்டுபிடிப்பைப் பயனுக்குக் கொண்டுவராவிட்டாலோ, மக்களின் சுகாதாரத் தேவை நிறைவேறாவிட்டாலோ, அரசு தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் தரச் செய்யலாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அதிகாரத்தை அரசு ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. அரசு மானியத்தின் துணையோடு உருவான நார்விர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் விலையை 2003-இல் அபாட் நிறுவனம் ஐந்து மடங்காக்கியது. தலையிடக் கோரிய மனுவை 2004-இல் தேசிய சுகாதார நிறுவனங்கள் தள்ளுபடி செய்தன. எக்ஸ்டாண்டி என்ற புற்றுநோய் மருந்துக்கான மனுவும் 2023-இல் அதே வழியில் போனது. வாங்க முடியாத விலையில் இருக்கும் மருந்து, நோயாளிக்கு இல்லாத மருந்துதான். விலையையும் கணக்கில் எடுக்கலாம் என்ற வரைவு நெறிமுறை 2023 டிசம்பரில்தான் வெளியானது.