பழைய நிரலைப் பேணுவோர்

புதிய மென்பொருளை ஆக்குவதே அறிவுக்குரிய பணி, உள்ளதைப் பேணுவது எளிய ஊழியம் என நம் மாணவர் பலர் கருதுகின்றனர். ஆற்றல்மிக்க நிரலாளர் சிலர் ஒரே தொகுதியோடு பல்லாண்டுகள் நிலைத்திருப்பது ஏன் என வினவினால் இக்கருத்து நில்லாது.

நம் கைப்பேசிகள் மணி காட்டத் துணைசெய்யும் நேர வலயத் தரவுத்தளத்தை நோக்குவோம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரங்கள் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டன. அவ்வாண்டின் இறுதி அரைமணி ஈண்டு எவர்க்கும் வாய்க்கவில்லை! அம்மாற்றமும், அதற்கு முன்னர் ஜப்பானியர் ஆட்சிக்கால நேரமும் அத்தளத்தில் பதிவாகியுள்ளன. 1980களில் ஆர்தர் டேவிட் ஆல்சன் தொடங்கிய இப்பணியைப் பின்னர்ப் பால் எகர்ட் ஏற்றார். 2011இல் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம் இருவர்மீதும் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. எகர்ட் விலகினாரல்லர்.

அவரை நிறுத்தியது எது? அவர் உள்ளத்தை நாம் அறியோம். பணியின் இயல்பை அறிவோம். 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடைக்கால நேரமாற்றத்தைத் தள்ளிவைத்துச் சில நாள்களில் அம்முடிவைக் கைவிட்டது. தரவுத்தளமும் அவ்வாரத்திலேயே திருத்தப்பட்டு, மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பப்பட்டது. செய்த திருத்தம் உலகெங்கும் பயன்படுகிறது. மேலும், அக்கோப்புகளில் எண்களைவிடக் குறிப்புகளே நம்மை ஈர்க்கின்றன: எந்த அறிவிப்பால் மாற்றம் வந்தது, எச்சான்று ஐயத்திற்குரியது என உரையாசிரியர் போல் எழுதிவைத்துள்ளனர். ஒவ்வொரு வரியின் காரணத்தையும் அறிந்தவர்க்கு அதனைத் திருத்தும் உரிமையும் உண்டு. ஊதியம் வேண்டா என்பதன்று; அறிவும் உரிமையும் ஒருங்கே அமைந்த இடத்தை வல்லவர் எளிதில் விடார்.

உரிமை மறுக்கப்பட்டால் நிகழ்வதையும் கண்டுள்ளோம். நாம் முன்னர்ப் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் சொல்லடைவு நிரல் ஒன்று இருந்தது. கணினிக் குறியீட்டு வரிசையில் புள்ளி அகர உயிர்மெய் எழுத்துகளுக்குப் பின் வருவதால், அந்நிரல் ‘பக்கம்’ என்பதற்கு முன் ‘பகல்’ என்பதை வைத்தது. அதனைப் பேணிய இளைஞர் பிழையின் வேரைக் கண்டு திருத்த இசைவு கேட்டார். ஓடுகின்ற நிரலைத் தொடவேண்டா என்றனர். இருமுறை கேட்டு, பின் விலகினார். நாமும் அன்று அவர்க்காகப் பேசினோமல்லோம். நாம் ஓய்வுபெற்ற நாளிலும் அவ்வடைவில் ‘பகல்’ முன்னரே நின்றது.