ஸ்லைடுக் கோப்பைப் பிரித்துப் படிக்கும் பைதான் நூலகம்

பவர்பாயின்ட் கோப்பு ஒன்றை நகலெடுத்து, பெயரின் கடைசியில் உள்ள 'பிபிடிஎக்ஸ்' என்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். படங்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கும், ஸ்லைடுகள் இன்னொன்றில். ஒவ்வொரு ஸ்லைடும் தனி எக்ஸ்எம்எல் கோப்பு. ஆபீஸ் 2007-உடன் புழக்கத்துக்கு வந்த அமைப்பு இது. 2008-இல் ஐ.எஸ்.ஓ. தரநிலையாகவும் ஏற்கப்பட்டது.

இதைப் பைதான் மொழியில் படிக்க ஸ்டீவ் கேனி எழுதிய நூலகம்தான் 'பைதான்-பிபிடிஎக்ஸ்'. இலவசம். கணினியில் பவர்பாயின்ட் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எக்ஸ்எம்எல் வெறும் எழுத்துதானே, நாமே படித்துக்கொண்டால் என்ன? படிக்கலாம், ஆனால் சீக்கிரமே திணறிப்போவோம். ஸ்லைடு கோப்பின் பெயரில் உள்ள எண்ணை நம்பி வரிசை சொல்ல முடியாது. சரியான வரிசை வேறொரு கோப்பில் பட்டியலாக இருக்கிறது. அந்தப் பட்டியலிலும் கோப்பின் பெயர் கிடையாது, ஓர் அடையாளக் குறி மட்டுமே. அந்தக் குறி எந்தக் கோப்பைச் சுட்டுகிறது என்பதற்கு மூன்றாவதாக ஒரு கோப்பைப் பார்க்க வேண்டும்.

எழுத்தும் அப்படித்தான். 'மழைநீர்' என்ற சொல்லில் 'மழை'யை மட்டும் தடித்த எழுத்தாக்கினால், அது கோப்பில் இரண்டு துண்டாகிவிடும். துண்டுக்கு 'ரன்' என்று பெயர். எக்ஸ்எம்எல்லில் அந்தச் சொல்லை நேராகத் தேடினால் கிடைக்காது. நூலகம் துண்டுகளைச் சேர்த்து முழுப் பத்தியாகக் கொடுக்கிறது, வேண்டுமென்றால் தனித்தனியாகவும் தருகிறது.

இந்தக் கோப்புகளில் நீள அகலங்களை அளக்க வைத்திருக்கும் அலகு எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அங்குலம் 9,14,400 அலகு, ஒரு சென்டிமீட்டர் 3,60,000. இரண்டு முறையிலும் தசமப் புள்ளியே வராதபடி தேர்ந்தெடுத்த எண்கள் இவை.

பழைய 'பிபிடி' கோப்புகளை இந்த நூலகம் படிக்காது. அவற்றின் அமைப்பே வேறு. படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் எடுத்துத் தராது. அட்டவணைக்குள் இருப்பதை ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு வாங்க வேண்டும். குரூப் செய்த வடிவங்களுக்குள்ளும் நாம்தான் இறங்கித் தேட வேண்டும். புதிதாக வருபவர்கள் பாதி எழுத்தைத் தவறவிடுவது இந்த இரண்டு இடங்களில்தான்.

ஸ்லைடுக்குக் கீழே பேச்சாளர் எழுதிவைக்கும் குறிப்புகளையும் மறக்காமல் எடுங்கள். ஸ்லைடில் நான்கு சொல் இருக்கும், விளக்கம் முழுதும் குறிப்பில் இருக்கும். திரைவாசிப்பான் வழியே பாடம் கேட்கும் பார்வையற்ற மாணவருக்கு அதுதான் பாடமே. ஆனால் எடுப்பதற்கு முன், குறிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் எடுக்கப்போனால், இல்லாத இடத்தில் நூலகம் வெற்றுக் குறிப்புப் பக்கம் ஒன்றைப் புதிதாக உருவாக்கிவிடும்.