மணலுக்கு ஏற்ற இஞ்சின்

பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் நடந்தோர் அறிவர்: அங்கே வேகம் உதவாது, நிதானமான வலிமையே உதவும். ஜீப்புக்கும் இதுவே விதி. அதற்காகச் சிலர் பிஸ்டனின் ஓட்டத்தை நீட்டி இஞ்சினைப் பெரிதாக்குகிறார்கள். 'ஸ்ட்ரோக்கர்' என்பது அதன் பெயர்.

அமெரிக்க ஜீப்பின் 4 லிட்டர் இஞ்சினில் பழைய 4.2 லிட்டர் இஞ்சினின் கிராங்கைப் பொருத்தினால், 86.7 மில்லிமீட்டர் ஓட்டம் 98.9 ஆகும், கொள்ளளவு ஏறக்குறைய 4.5 லிட்டராகும். ஆனால் பிஸ்டன் உச்சியில் 6.1 மில்லிமீட்டர் அதிகம் ஏறி இடிக்குமே! பழைய இஞ்சினின் கனெக்டிங் ராடு 6.35 மில்லிமீட்டர் குட்டை. அதையும் சேர்த்தால் இடர் நீங்கும்.

நம் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அழுத்த விகிதம் முதலியவற்றைக் காகிதத்தில் கணக்கிடாமல் கடைசலுக்குக் கொடுத்தால் பணமும் இஞ்சினும் பாழாகும். பதிவு அலுவலகத்தின் அனுமதியும் அவசியம். ஆமைகள் முட்டையிடும் பெசன்ட் நகர்க் கரையை மட்டும் விட்டுவிடுமாறு வேண்டுகிறோம்!