அலுவலகம் இடம் மாறுகையில் கணிப்பொறியும் கணக்கும்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல, சிறு வாடகை அறையில் தொடங்கி, உறுப்பினர் தொகை பெருகியதும் வசதியான கட்டிடத்திற்கு மாறுகின்றன. மேசை, நாற்காலி, பீரோ முதலியவற்றை ஒரே நாளில் வண்டியில் ஏற்றிச் சென்றுவிடலாம். ஆனால் கணிப்பொறியையும் இணைய இணைப்பையும் அவ்வாறு மாற்ற இயலாது. மானிய உர விற்பனை 2018 முதல் விற்பனை முனையக் கருவியில், ஆதார் வழியாகப் பதிவு செய்யப்பட்டு வருகிறது. இணைப்பின்றி அக்கருவி நின்றால், மேலுரம் இடவேண்டிய நாளில் உழவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். பயிரோ காத்திராது. ஆகவே இடமாற்றத்தை முன்கூட்டியே திட்டமிடுதல் இன்றியமையாதது.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதற்கண் உகந்த காலத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். காவிரிப் பாசனப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணையைத் திறப்பதற்குரிய வழக்கமான நாள் ஜூன் 12. அதனையொட்டிக் குறுவைப் பணிகள் தொடங்கிவிடும். மார்ச் 31-இல் ஆண்டுக் கணக்கு முடிகிறது. மாதந்தோறும் சரக்கு, சேவை வரிக் கணக்கு அளிப்போருக்கு 20-ஆம் தேதி கடைசி நாளாகும். இவற்றை நோக்கின், ஏப்ரல் 20-க்குப் பின்னும் மே மாத முடிவிற்கு முன்னும் உள்ள நாட்களே ஏற்றவை என்பது விளங்கும். பிற பகுதியினர் தத்தம் சாகுபடிக் காலத்தை அனுசரித்து முடிவு செய்யலாம்.

புதிய கட்டிடத்தைச் சித்தப்படுத்துதல்

இணைய இணைப்புக்கு ஒரு மாதம் முன்னரே விண்ணப்பிப்பது நலம். புதிய இடத்தில் இணைப்பு வந்து, சில நாட்கள் ஒழுங்காக வேலை செய்த பின்னரே பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இரண்டிற்கும் சில நாட்கள் கட்டணம் செலுத்த நேர்ந்தாலும் அது வீண் செலவன்று. கைப்பேசி அலை கட்டிடத்தின் உள்ளே கிடைக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று. கம்பி இணைப்பு அறுபட்டால் அதுவே கைகொடுக்கும்.

மின்சார அமைப்பில் நில இணைப்பு சரியாக உள்ளதா என்று தேர்ந்த மின் பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். கணிப்பொறி வைக்கும் இடம் மழைநீர் ஒழுகாததாக இருத்தல் வேண்டும். தரையில் வைத்தலும் தகாது. மின்சாரம் தடைப்பட்டால் கணக்கைச் சேமித்து முறையாக நிறுத்துவதற்கு யு.பி.எஸ். துணை செய்யும்.

கணக்கைக் காத்தல்

கணிப்பொறி பழுதானால் வேறொன்று வாங்கலாம். உறுப்பினரின் பங்குத் தொகை, கொள்முதல் பாக்கி, கடன் நிலுவை ஆகியவற்றின் பதிவு அழிந்தால் அதனை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எனவே மூலப்பதிவு உட்பட மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருப்பதுடன், ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். எல்லாப் பிரதிகளையும் ஒரே வண்டியில் ஏற்றுதல் கூடாது. பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதனை வேறொரு கணிப்பொறியில் திறந்து, நிலுவைத் தொகைகள் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்தல் அவசியம். கடவுச்சொற்களை ஒருவர் மட்டும் மனத்தில் வைத்திராமல், உறையிலிட்டுப் பாதுகாப்பில் வைக்கலாம்.

கம்பிகளைக் கழற்றுமுன் கைப்பேசியில் படமெடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டால், புதிய இடத்தில் மீண்டும் பொருத்துவது எளிதாகும்.

தெரிவிக்க வேண்டிய இடங்கள்

கம்பெனிச் சட்டப்படி, பதிவு அலுவலகத்தின் புதிய முகவரியை 30 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊர் எல்லையைக் கடந்து மாறுவதாயின், உறுப்பினர்களின் சிறப்புத் தீர்மானமும் தேவை. வரிப் பதிவில் செய்யும் மாற்றத்தை 15 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். உர விற்பனை அனுமதி குறிப்பிட்ட இடத்திற்கே வழங்கப்படுவதால், புதிய இடத்தில் விற்பனை தொடங்குமுன் வேளாண்மைத் துறை அலுவலரை அணுக வேண்டும். வங்கியில் பதிவான கைப்பேசி எண்ணை விட்டுவிடலாகாது; ஒருமுறைக் கடவுச்சொல் அதற்கே வரும்.

ஊராட்சியின் துணை

ஊராட்சிக் கட்டிடத்தை வாடகைக்கு விடும் உறுப்பினர்கள், மின் இணைப்பையும் கூரையையும் முன்னதாகச் செப்பனிட்டுத் தருதல் பேருதவியாகும். முகவரிச் சான்றுக்கு வேண்டிய வரி ரசீதையும் காலதாமதமின்றி வழங்கலாம்.

புதிய அலுவலகத்தில் முதன்முதலாக வரும் உழவர் உரம் பெற்று, தம் கணக்கும் பிழையின்றி இருக்கக் கண்டு மனநிறைவுடன் திரும்பினால், இடமாற்றம் செவ்வனே நிறைவேறியது எனலாம்.