கரிசலின் குணம், கிணற்றின் சிக்கல்

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் காடு கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி அடைமழை பெய்ததும் மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். மண்ணின் இந்தக் குணம், பூமிக்கடியில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் அடைத்துவிடக்கூடியது.

காரணம், ஸ்மெக்டைட் என்னும் களிமண் கனிமம். சுமார் 1 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கேட் தகடுகள் இதில் சீட்டுக்கட்டு போல அடுக்கியிருக்கும். தகடுகளுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதைச் சமன்செய்ய இடையில் சோடியம், கால்சியம் அயனிகள் இருக்கும். தண்ணீர் பட்டதும் அயனிகள் அதை உள்ளே இழுக்க, தகடுகள் விலகுகின்றன. கால்சியம் இருந்தால் அடுக்கு ஏறத்தாழ இரு மடங்கு விரிவதோடு நின்றுவிடும். சோடியம் இருந்தால், உப்பில்லாத நீரில் தகடுகள் தனித்தனியாகவே பிரிந்துவிடும்.

உப்பின் பங்கை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் கரிசல் மண்ணைக் கரைத்து, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்புப் போடுங்கள். உப்பு நீரில் துகள்கள் திரண்டு விரைவில் அடியில் படியும். மற்றது நெடுநேரம் கலங்கலாகவே நிற்கும்.

மதுரைக்குத் தென்கிழக்கே இராமநாதபுரத்தில் ஓ.என்.ஜி.சி. எரிவாயு எடுக்கிறது; வழுதூர் மின்நிலையம் அதில் ஓடுகிறது. இதுபோன்ற எரிவாயு, எண்ணெய் வயல்களில் வாயுவும் எண்ணெயும் பெரும்பாலும் மணற்பாறையின் நுண்துளைகளில்தான் தங்கியிருக்கும். அத்துளைகளில் களிமண்ணும் உப்புநீரும் நெடுங்காலமாக ஒத்துப்போயிருக்கின்றன. அங்கே நல்ல தண்ணீர் புகுந்தால் அந்தச் சமநிலை குலையும். ஸ்மெக்டைட் உப்பி வழியைக் குறுக்கும். கயோலினைட் என்னும் இன்னொரு களிமண் உப்பாது. ஆனால் அதன் துகள்கள் மணலிலிருந்து கழன்று, நீரோட்டத்தில் போய்த் துளைகளின் குறுகிய வாயில் சிக்கிக்கொள்ளும். ஒருமுறை அடைத்த வழியைத் திறப்பது மிகக் கடினம்.

அதனால்தான் துளையிடும் சேற்றிலும் கிணற்றில் செலுத்தும் நீரிலும் பொட்டாசியம் குளோரைடு கலக்கிறார்கள். உரக்கடையில் பொட்டாஷ் என்று வாங்குகிறோமே, அதே உப்புதான். பொட்டாசியம் அயனி தகட்டின் மேலுள்ள குழிகளில் கச்சிதமாகப் பொருந்தி, தகடுகளை விலகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டில் நீரைச் செலுத்தி, துளைகள் அடைபடுகின்றனவா என்று சோதிப்பதும் உண்டு.

களர் நிலத்துக்கு ஜிப்சம் இடும் விவசாயி செய்வதும் இதே வேதியியல்தான்: சோடியத்தை வெளியேற்றிக் கால்சியத்தைக் குடியேற்றுகிறார். களிமண்ணுக்குள் போகும் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வயலுக்கும் கிணற்றுக்கும் விதி அதுவே.